எந்த இடத்துல அழுதீங்க?

கனகவல்லி நடிக்கப் போகிற விஷயம் பெருங்களத்தூரில் அவள் புருஷனுக்கு மட்டும்தான் தெரியும். அதுவும் அவருக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று இரண்டு வருஷமாக அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. சம்பந்தம் லிஃப்ட் மெக்கானிக். அதிகம் பேசுகிறவர் இல்லை. "இன்னிக்கு லீவு போட்டுட்டு வடபழனி வரைக்கும் போறேங்க, ஆடிஷன்" என்றால், "திரும்பும்போது கூட்டமா இருக்கும், லேடீஸ் பெட்டியில ஏறு" என்பார். அத்தோடு சரி.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. சேலையூரில் ஒரு டைல்ஸ் கடையில் பில் போடுகிற வேலை. பையன் எழில் படிப்பு முடித்துக் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போனபிறகு, சாயங்காலங்களில் வீடு வெறிச்சென்று கிடந்தது. அப்படி ஒரு சாயங்காலத்தில்தான் போன் திரையைத் தள்ளிக்கொண்டிருந்தபோது அந்த அறிவிப்பு வந்தது. 'அம்மா, அத்தை, பக்கத்து வீட்டுக்காரி வேடங்களுக்குச் சாதாரணத் தோற்றமுள்ள பெண்கள் தேவை. அனுபவம் அவசியமில்லை.' ஒன்பதாம் வகுப்பில் ஆண்டு விழா நாடகத்தில் மகனைப் பறிகொடுத்த தாயாக நடித்து, கணக்கு டீச்சரையே மூக்கைச் சிந்த வைத்தவள் அவள். அதற்கப்புறம் முப்பது வருஷம் யாரும் அவளை நடிக்கச் சொல்லவில்லை. சாதாரணத் தோற்றம் என்றால் நம்மைவிட யார் கிடைப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனால் சாதாரணமாக இருப்பதற்கும் ஒரு அழகு வேண்டும் என்பது போகப் போகத்தான் தெரிந்தது. ஓரிடத்தில் ஏழைத் தாய் வேடம். "நீங்க இன்னும் கொஞ்சம் வத்தலா இருக்கணும்மா, கன்னம் ஒட்டி" என்றார்கள். இன்னோரிடத்தில் டாக்டருடைய மனைவி. அதற்கு அவள் நிறம் பத்தவில்லை. சாலிக்கிராமத்தில் ஒரு மாடியறையில் நாலு மணி நேரம் காத்திருந்து வசனம் சொன்னாள். கேமராவுக்குப் பின்னால் இருந்த பெண் நன்றாகத்தான் பேசினாள். "சூப்பரா பண்றீங்க ஆன்ட்டி. ஆனா உங்க ஃபேஸ் மனசுல நிக்கல." அந்தப் பாத்திரத்தில் யார் நடித்தார்கள் என்று பிறகு டிவியில் பார்த்தாள். முப்பது வயது அழகி ஒருத்திக்கு முடியில் வெள்ளை அடித்து, முகத்துக்குக் கறுப்பு பூசி விட்டிருந்தார்கள். கனகவல்லிக்கு அந்தப் பூச்சு எதுவும் தேவைப்பட்டிருக்காது.

கிடைத்ததெல்லாம் கும்பலில் நிற்கிற வேலை. ஒரு சாவு வீட்டில் உட்கார்ந்தாள். ஒரு பேருந்து நிலையத்தில் பையோடு பதினோரு தடவை குறுக்கே நடந்தாள். அதில் ஒருவன் மைக்கில் கத்தினான்: "அந்தப் பச்சைப் புடவை அக்கா, மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கினு நடங்க!" படம் வந்தபோது கடையில் ஒரு நாள் லீவு சொல்லிவிட்டுப் போய்ப் பார்த்தாள். பச்சைப் புடவையின் முதுகு ஒரு நொடி தெரிந்தது.

அப்படி அலைந்த இடத்தில் பழக்கமானவன்தான் வினோத்குமார். ஆள் சேர்த்துக் கொடுக்கிற கோ-ஆர்டினேட்டர். ஆனி மாதத்தில் ஒரு நாள் கடையில் பில் போட்டுக்கொண்டிருக்கும்போது கூப்பிட்டான்.

"அக்கா, ஒரு விளம்பரம். அழகா இருக்கிறவங்க யாரும் வேணாமாம். உங்க போட்டோவைக் காமிச்சேன், இவங்கதான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாங்க."

இந்த ஊரில் முதல் தடவையாக ஒருவன் அவளே வேண்டும் என்கிறான். எதற்கான விளம்பரம் என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை.

பல்லாவரம் போய் அங்கிருந்து பஸ் மாறிக் குன்றத்தூரில் இறங்கினாள். வாடகைக்கு எடுத்த ஒரு வீடு. சமையலறையில் இரண்டு விளக்கு, ஒரு கேமரா. எழிலைவிடச் சின்னவனாக இருந்த ஒருவன் டைரக்டர். மேஜைமேல் மூலிகைப் பொடி டப்பாக்களை அடுக்கி வைத்திருந்தார்கள். சர்க்கரை நோய்க்கானதாம். வசனம் எழுதிய தாளைக் கொடுத்தார்கள். ஆறு வருஷமாகச் சர்க்கரைக்கு மாத்திரை போட்டவள் இந்தப் பொடியைக் குடித்தாள். மூன்றே மாதத்தில் மாத்திரையை நிறுத்திவிட்டாள். அதுதான் கதை.

"தம்பி, எனக்குச் சுகர் கிடையாதே" என்றாள்.

"நடிப்புதானே ஆன்ட்டி! கொலைகாரனா நடிக்கிறவன் கொலையா பண்ணிட்டு வர்றான்?" என்று அவன் சிரித்தான். "பேர் மட்டும் உங்க சொந்தப் பேரையே சொல்லிடுங்க. ஊரும் சொல்லுங்க. அப்பதான் வாயில சரளமா வரும்."

அது நியாயமாகத்தான் பட்டது. "என் பேரு கனகவல்லி. பெருங்களத்தூர்ல இருக்கேன்" என்று ஆரம்பித்தாள். கேமரா அவள் முகத்துக்கு வெகு அருகில் இருந்தது. இரண்டு வருஷத்தில் எந்தக் கேமராவும் அவள் முகத்தை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. தாளில் ஒரு வரி இருந்தது: 'என் பையன் கல்யாணத்துல ஒரு லட்டு எடுத்து வாயில போட முடியுமான்னு ஏங்கிட்டிருந்தேன்.' அதைச் சொல்லும்போது குரலைப் பாதியில் விட்டாள். கண் நிறைந்தது. வழிய விடாமல் ஒரு நொடி நிறுத்தி, மறுபடி சிரித்து, மீதியைச் சொன்னாள். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அவளுக்கே தோன்றியது. முடித்ததும் விளக்குப் பிடித்திருந்தவர் முதலில் கை தட்டினார், மற்றவர்களும் தட்டினார்கள்.

கிளம்பும்போது வினோத்குமார் வாசல் வரை வந்தான். "அக்கா, ஒண்ணே ஒண்ணு. யாரு கேட்டாலும் நடிச்சேன்னு சொல்லிடாதீங்க. அக்ரிமெண்ட்ல சைன் போட்டிருக்கீங்கல்ல, அதுல இருக்கு. ஒரு சீரியல்ல உங்களுக்காகப் பேசிட்டிருக்கேன். மாமியாரோட தங்கச்சி. மூணு மாசம் ஓடும்."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்த லட்டு வரியை மறுபடி மறுபடி வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தாள்.

வீடியோ இரண்டு வாரத்தில் போனில் வந்தது. சம்பந்தம் சாப்பிட்டுக்கொண்டே முழுதும் பார்த்தார்.

"மாத்திரையை நிறுத்திட்டேன்னு சொல்றியே" என்றார்.

"விளம்பரம்னா அப்படித்தாங்க சொல்வாங்க."

"ம்" என்று கை கழுவப் போனார். நடிப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவர்கள் மாடியில் குடியிருந்தார்கள். கீழ் போர்ஷனில் தபீதாள். ஐம்பத்திரண்டு வயது. புருஷன் இல்லை. காட்டாங்குளத்தூரில் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் சமையல் வேலை. விடியற்காலை ரயிலுக்குப் போய்ப் பகல் மூன்று மணிக்குத் திரும்புவாள். மகள் நிஷா மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் ஷிப்டு. எட்டு வருஷமாகக் கீழும் மேலுமாக இருக்கிறார்கள். எழிலுக்கு டெங்கு வந்தபோது ஆஸ்பத்திரிக்கு ஒன்பது நாள் கஞ்சி கொண்டுவந்தவள் தபீதாள்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, வெள்ளைப் புடவையைக்கூட மாற்றாமல் மாடியேறி வந்தாள். கையில் போன்.

"இன்னாடி கனகா, உனுக்குச் சுகர் கீதுன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா? எட்டு வருஷமா ஒரே வூட்ல கீறோம். சபையில ஒருத்தி காட்டினாப்பாரு, எனுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நம்ம கனகா! நானும் பத்து வருஷமா இந்த மாத்திரையோட லோல் பட்டுகினு கீறேன், நீ கமுக்கமா குணம் பண்ணிகினு உக்காந்துகினு கீற."

கனகவல்லி அடுப்பை அணைத்தாள். 'அக்கா, அது நடிப்பு' என்று சொல்ல வாயைத் திறந்தாள். சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே முடிந்திருக்கும்.

ஆனால் தபீதாள் அதற்குள், "நீ பேசறத பாத்து நானே அழுதுட்டேன்டி" என்றாள்.

கனகவல்லியின் வாயிலிருந்து வேறு கேள்விதான் வந்தது.

"எந்த இடத்துல அழுதீங்க?"

"அந்த லட்டு... கல்யாணத்துல ஒரு லட்டு துன்ன முடியுமான்னு சொல்றப்போ உன் கொரல் போச்சு பாரு, அங்க. எனுக்கும் நிஷா கல்யாணம் நெனப்பு வந்துடுச்சு. பக்கத்துல கீறவ கேக்குறா, ஏன்கா அழுவுறன்னு."

கனகவல்லிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அதே இடம். அவளாகக் கண்டுபிடித்த இடம். இப்போது நடிப்பு என்று சொன்னால் இந்தப் பாராட்டு என்ன ஆகும்? சீரியல் என்ன ஆகும்? நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றியது. மனசு கேட்காமல் ஒன்று மட்டும் சொன்னாள்.

"அக்கா, அது ஆளுக்கு ஆள் மாறும். நீங்க டாக்டரைக் கேக்காம மாத்திரையை நிறுத்திடாதீங்க."

"நீ நிறுத்திட்டு நல்லாத்தானே கீற!" என்று தபீதாள் அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு இறங்கிப் போனாள்.

நாளைக்கு என்பது வாரமாயிற்று. விடியற்காலையில் தண்ணீர் பிடிக்க இறங்கும்போது தபீதாள் ஒரு டம்ளரில் பழுப்பாக எதையோ கலக்கிக்கொண்டிருப்பாள். "கசப்பு தாங்கலடி, நீ எப்டி குடிச்ச?" என்பாள். கனகவல்லி குடத்தைப் பார்த்துக்கொண்டே, "பழகிடும்க்கா" என்று சொல்லிவிட்டு மேலே வருவாள். வந்து, படியில் நின்று, இன்று சாயங்காலம் கட்டாயம் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பாள். சாயங்காலம் வினோத்குமார் கூப்பிட்டான். சீரியல் உறுதியாகிவிட்டது.

மாமியாரின் தங்கைக்கு அதிகம் வேலையில்லை. சோபாவில் உட்கார்ந்து, "அக்கா சொல்றது சரிதானேடி" என்று மருமகளை முறைக்க வேண்டும். ஆனால் முகம் தெரிந்தது. அது வருகிற நேரத்தில், விடியற்காலை ரயிலுக்குப் போகிற தபீதாள் தூங்கியிருப்பாள். கடைக்கு டைல்ஸ் வாங்க வந்த ஒரு அம்மாள், "உங்களை எங்கியோ பாத்திருக்கேனே" என்றபோது கனகவல்லி பில்லில் ஒரு பூஜ்யம் சேர்த்துப் போட்டுவிட்டுத் திருத்தினாள். அந்த நாட்களில் தபீதாளிடம் சொல்ல வேண்டிய விஷயம் அவளுக்கு அடிக்கடி மறந்துபோனது. மறந்ததா, மறக்க விட்டாளா என்று பிறகு எத்தனையோ முறை தன்னைக் கேட்டுக்கொண்டாள்.

புரட்டாசி கடைசியில் தபீதாள் நொண்டினாள். "செருப்பு கடிச்சிடுச்சு" என்றாள். ஒரு வாரம் கழித்து வேலைக்குப் போகவில்லை. மழை பிடித்திருந்த ஒரு காலை நேரத்தில் கீழேயிருந்து நிஷா, "ஆன்ட்டி! அங்கிள்!" என்று கத்தினாள். சம்பந்தம்தான் முதலில் ஓடினார். தபீதாள் கட்டிலில் குளிரில் நடுங்கிக்கொண்டு ஏதோ உளறிக்கொண்டிருந்தாள். வலது கால் கணுக்கால் வரை வீங்கி, விரல்கள் கறுத்திருந்தன. அறையில் ஒரு நாற்றம். மூவருமாக அவளைத் தூக்கி ஆட்டோவில் வைத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் சர்க்கரை ஐந்நூறுக்கு மேல் இருக்கிறது என்றார்கள். மறுநாள் இரண்டு விரல்களை எடுத்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லை என்று சொன்ன பிறகுதான் நிஷா வராந்தா பெஞ்சில் கனகவல்லியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. ஆனால் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"மூணு மாசமா மாத்திரையே போடல ஆன்ட்டி. எனக்குத் தெரியாம அரிசி டின்ல போட்டு வெச்சிருக்காங்க. டாக்டர் கேட்டதுக்கு உங்க பேரைத்தான் சொன்னாங்க. கனகாவுக்கு அந்தப் பொடி கேட்டுச்சு, எனக்கு மட்டும் ஏன் கேக்கலன்னு கேக்குறாங்க." நிஷா அவள் முகத்தைப் பார்த்தாள். "உங்களுக்கு எப்படி ஆன்ட்டி ஒத்துக்கிச்சு? வேற ஏதாவது சேத்துச் சாப்பிட்டீங்களா?"

"எனக்குச் சுகரே கிடையாது நிஷா" என்றாள் கனகவல்லி.

நிஷாவுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் பெஞ்சிலிருந்து எழுந்து எதிர்ச் சுவரோரம் போய் நின்றுகொண்டாள். கத்துவாள், அடிப்பாள் என்று கனகவல்லி எதிர்பார்த்தாள். நிஷா கதவைக் காட்டினாள்.

"என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? உள்ள போய் எங்கம்மாகிட்ட சொல்லுங்க."

தபீதாள் விழித்துத்தான் இருந்தாள். கனகவல்லி ஸ்டூலில் உட்காராமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். குன்றத்தூர் வீடு, வசனத் தாள், சொந்தப் பேரைச் சொல்லச் சொன்னது. சீரியலையும் மறைக்கவில்லை. முடிந்தபிறகு தபீதாள் மெதுவாகக் கேட்டாள்.

"அப்போ அந்த அழுகை? கண்ணுல தண்ணி நின்னுச்சே."

"அது வரும்க்கா. வர வைக்கலாம்."

தபீதாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு வருஷமாகப் பார்த்த முகத்தை இப்போதுதான் முதல் தடவை பார்ப்பதுபோல. "அன்னிக்கு எங்க அழுதேன்னு கேட்டியே" என்றாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கனகவல்லி வராந்தாவிலிருந்தே வினோத்குமாரைக் கூப்பிட்டாள். வீடியோவை எடுக்கச் சொன்னாள்.

"அக்கா, டென்ஷன் ஆகாதீங்க. நாம யாரையும் மாத்திரையை நிறுத்தச் சொல்லலையே. நிறுத்திட்டேன்னுதான் சொன்னீங்க. கீழ டாக்டரைக் கேளுங்கன்னு போட்டிருக்கு, பாருங்க."

"எங்க போட்டிருக்கு? எறும்பு சைஸ்ல போட்டிருக்கு. என் பேரு, என் ஊரு போட்டு நான் பேசியிருக்கேன் தம்பி. எடுத்துடு."

"அது என் கையில இல்லக்கா. சீரியல்காரங்க காதுக்குப் போனா உங்களுக்குத்தான் பேஜார்."

அடுத்த திங்கட்கிழமை அவளும் சம்பந்தமும் தாம்பரத்தில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். மனுவை அவளே எழுதியிருந்தாள். வாங்கிப் படித்த ஏட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"அதுல பேசினது நீங்கதானா? அப்ப உங்க மேலயும்தானேம்மா வரும்?"

"வரட்டும் சார். எழுதிக்குங்க."

வெளியே வந்து பைக்கை எடுக்கும்போது சம்பந்தம் சாவியைப் போடாமல் நின்றார். "அன்னிக்கே சொல்லியிருக்கணும் நானு" என்றார். "எனக்குப் பார்த்ததுமே பயமாத்தான் இருந்துச்சு. நீ சந்தோஷமா இருந்தே. விட்டுட்டேன்." கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் அவர் சேர்ந்தாற்போல இவ்வளவு பேசியதில்லை. பின்னால் ஏறி உட்கார்ந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

சீரியலில் மாமியாரின் தங்கை, மகளின் பிரசவத்துக்காகத் துபாய் போய்விட்டாள் என்று ஒரே வரியில் முடித்தார்கள். வீடியோவை அந்தப் பொடி கம்பெனியின் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் வேறு வேறு பெயர்களில் அது வந்துகொண்டே இருந்தது. சம்பந்தத்தைப் போனைப் பிடிக்கச் சொல்லி, தான் சொன்னது பொய் என்று அவளே ஒரு வீடியோ பேசிப் போட்டாள். அதில் நாலு இடத்தில் திக்கினாள். கண்ணில் தண்ணீர் வரவேயில்லை. மிகச் சிலர்தான் பார்த்தார்கள். ஒருவர் கீழே எழுதியிருந்தார்: 'காசு வாங்கிட்டு மாத்திப் பேசுறா, நடிப்பு நல்லாவே தெரியுது.'

தபீதாள் வீடு திரும்பியபிறகு பேசவில்லை. கனகவல்லி வைத்துவிட்டு வந்த கஞ்சிப் பாத்திரம் தொடாமல் படியிலேயே இருந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாளிலிருந்து அவள் வைக்கவில்லை. ஹாஸ்டலில் நின்று சமைக்க முடியாது என்று வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். நிஷா ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஷிப்டு போனாள். கனகவல்லி வீடு மாறிவிடலாமா என்று கேட்டாள். "எங்க போனாலும் உன் மூஞ்சியத்தானே கொண்டுபோவ" என்றார் சம்பந்தம். திட்டுவதற்காகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார்.

தை பிறந்து பத்து நாள் இருக்கும். கனகவல்லி கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, கீழே மாடிப்படியின் அடியிலிருந்து குரல் வந்தது.

"கனகா."

எட்டிப் பார்த்தாள். தபீதாள் கைத்தடியோடு நின்றாள். முகத்தில் சிரிப்பில்லை.

"நிஷாவுக்கு லீவு குடுக்கல. இன்னிக்கு செக்கப்பு. ஆட்டோ கூப்புடு."

கனகவல்லி கடைக்குப் போன் செய்துவிட்டு இறங்கி வந்தாள். ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கி உட்கார வைத்தாள். கூட்டம் அதிகம். எதிர் நாற்காலியில் இருந்த ஒருத்தி, கையில் துணிப்பையோடு கனகவல்லியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முகம் மலர்ந்து முன்னால் சாய்ந்தாள்.

"நீங்க அந்தச் சுகர் வீடியோல வர்ற அக்காதானே? நானும் வாங்கிட்டேன் அக்கா, உங்களைப் பாத்துதான்!"

"அது பொய்ம்மா" என்றாள் கனகவல்லி. "எனக்குச் சுகர் கிடையாது. எழுதிக் குடுத்ததைப் பேசி நடிச்சேன். அதைக் குடிக்காதீங்க. மாத்திரையை நிறுத்தாதீங்க."

அந்தப் பெண்ணின் சிரிப்பு பாதியில் நின்றது. சந்தேகத்தோடு பார்த்தாள். "ஏன்க்கா அப்படிச் சொல்றீங்க? உங்களுக்கு நல்லாயிட்டா மத்தவங்களுக்கு ஆவக் கூடாதா? நீங்க அழுதது பொய்யா? எனக்குத் தெரியாதா?"

கனகவல்லி திரும்பத் திரும்பச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் குரலே அவளுக்குப் பொய்யாகக் கேட்டது. அந்தப் பெண் பையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள்.

தபீதாள் அதுவரை சுவரில் ஓடிக்கொண்டிருந்த டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது தடியை நாற்காலியில் சாய்த்தாள். புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கி, செருப்பைக் கழற்றிக் காலை முன்னால் நீட்டினாள். இரண்டு விரல் இல்லாத இடத்தில் தோல் இளஞ்சிவப்பாகச் சுருங்கியிருந்தது.

"நானும் இவளப் பாத்துதான் குடிச்சேன்" என்றாள். "பாத்துக்கோ."

அந்தப் பெண் பார்த்தாள். பக்கத்திலிருந்த இரண்டு மூன்று பேரும் பார்த்தார்கள். பிறகு அவள் பையிலிருந்து அந்த டப்பாவை எடுத்து, என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். தபீதாள் அதை வாங்கிக் கனகவல்லியின் மடியில் போட்டாள்.

"உள்ள போறப்போ டாக்டராண்ட குடுத்து, இத்த அவருக்கும் சொல்லு" என்றாள். "நான் இன்னா எல்லாருக்கும் காலை நீட்டிகினே உக்காந்துகினு இருக்க முடியுமா?"

டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். கனகவல்லி குனிந்து, செருப்பை அந்தக் காலில் மாட்டிவிட்டாள். தபீதாள் தடுக்கவில்லை. தடியை ஊன்றித் தானே எழுந்து நடந்தாள். கனகவல்லி டப்பாவை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள்.